ஒரு படி மாவு எத்தனை கிராம்? ஆழாக்குக் கணக்கைத் தராசுக்கு மாற்றுவது பற்றி

தேன்குழல்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச் சமையல் நோட்டில் முறுக்குக்கு இருக்கும் கணக்கு இது:

அரிசி மாவு 8 ஆழாக்கு
வறுத்த உளுத்தம்பருப்பு 1 ஆழாக்கு, அரைத்துச் சலித்தது
வெண்ணெய் எலுமிச்சம்பழ அளவு 2 உருண்டை
தூள் உப்பு 3 டீஸ்பூன்
எள் 4 டீஸ்பூன், பெருங்காயம்
தண்ணீர் 4 ஆழாக்கு, பார்த்துத் தெளிக்கவும்

தீபாவளி ஆர்டருக்கு மொத்தம் 5 கிலோ மாவில் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வர வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் கிராமுக்கு மாற்றப் பார்க்கிறேன். இணையத்தில் பார்த்ததில் 1 ஆழாக்கு என்பது 1 கப், 1 கப் என்பது 240 கிராம் என்று இருந்தது. அந்தக் கணக்கில் அரிசி மாவு 1,920 கிராம், கடையில் வாங்கிய உளுத்தமாவு 240 கிராம், வெண்ணெய் 100 கிராம், உப்பு 3 டீஸ்பூன் போட்டுச் சோதித்தேன். முறுக்கு கடிக்க முடியாத அளவுக்குக் கடக்கு. உப்பும் சப்பென்று இருக்கிறது. 4 ஆழாக்கு என்று எழுதியிருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 8 ஆழாக்கு பிடித்தது. மாவு சரியில்லையா, கணக்கு சரியில்லையா?

துலாக்கோல்:

மாவின் மேல் பழியில்லை. கணக்குதான். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: கடக்கு என்றால் வெண்ணெய் போதவில்லை, சப்பென்றால் உப்பு போதவில்லை, தண்ணீர் இரட்டிப்பாகப் பிடித்தது என்றால் மாவு இரட்டிப்பாகிவிட்டது.

240 என்பது மி.லி. கப்பில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லும் எண் அது. தண்ணீர் ஊற்றினால் மட்டும்தான் அது 240 கிராம். அரிசி மாவு அதே கப்பில் 145 முதல் 160 கிராம்தான் நிற்கும். ஆழாக்கோ கப்பைவிடச் சிறியது, பெரும்பாலும் 200 மி.லி.க்கு அக்கம்பக்கம். அதில் மாவு 115 முதல் 130 கிராம் வரும். 8 ஆழாக்குக்கு ஒரு கிலோவை ஒட்டி வரவேண்டியதை நீங்கள் 1,920 கிராம் போட்டிருக்கிறீர்கள். வெண்ணெயும் உப்பும் பழைய அளவிலேயே நின்றுவிட்டன.

எல்லாமே ஒரே விகிதத்தில் ஏறியிருந்தால் முறுக்கு சரியாகவே வந்திருக்கும், எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கும். பாதிப் பொருள் கிராமிலும் பாதிப் பொருள் ஸ்பூனிலும் இருக்கும்போதுதான் இந்தத் தப்பு வாயில் தெரிகிறது.

முதலில் உங்கள் ஆழாக்கை அளந்துவிடுங்கள். வாய்ப்பாட்டின்படி 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி. ஆக உங்கள் நோட்டில் இருப்பது ஒரு படி மாவு. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறு. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று. பாத்திரக்கடையில் இன்று கிடைக்கும் எவர்சில்வர் ஆழாக்குக்கும் பழைய பித்தளை ஆழாக்குக்கும் ஒத்துப்போகும் என்று நம்ப வேண்டாம். நோட்டு எந்த ஆழாக்கை வைத்து எழுதப்பட்டதோ அதைத் தேடி எடுங்கள்.

காலி ஆழாக்கைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்புக்கு மேல் தண்ணீர் புடைத்து நிற்கக் கூடாது. அப்படி நின்றால் நாலைந்து கிராம் ஏமாற்றும். வரும் கிராம்தான் மி.லி. நம்மூர்ச் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம் என்பதெல்லாம் சமையலுக்குக் கணக்கே இல்லை.

அடுத்து மாவு. தண்ணீரின் எண்ணைப் பெருக்கி மாவுக்குப் போவதைவிட, அதே ஆழாக்கில் அதே மாவை மூன்று தடவை மொண்டு, தலைதட்டி, மூன்று எடையையும் எழுதிச் சராசரி எடுங்கள். மூன்றும் 5 கிராமுக்குள் அடங்கினால் உங்கள் கை நிலையாக இருக்கிறது. 15 கிராம் வித்தியாசம் வந்தால் ஒரு தடவை தட்டி நிரப்பியிருக்கிறீர்கள், ஒரு தடவை தூவி நிரப்பியிருக்கிறீர்கள். சலித்துத் தூவிய 200 மி.லி. அரிசி மாவு 105 கிராம் இருக்கும். அதையே மேடையில் நாலு தட்டுத் தட்டி மறுபடி நிரப்பினால் 145க்குப் போகும். மாவு மாறவில்லை, நடுவில் இருந்த காற்று போய்விட்டது.

பட்சணக்கடை:

துலாக்கோல் சொன்னதோட இன்னும் மூணு விஷயம் சேர்த்துக்கோங்க.

முதல் விஷயம் உளுந்து. நோட்டை நல்லா படிச்சுப் பாருங்க. "வறுத்த உளுத்தம்பருப்பு 1 ஆழாக்கு, அரைத்துச் சலித்தது"ன்னு இருக்கு. பருப்பா இருக்கும்போது அளந்து அப்புறம் அரைக்கணும்னு அர்த்தம். "உளுத்தமாவு 1 ஆழாக்கு"ன்னு இருந்தா அது வேற. 200 மி.லி. ஆழாக்குல பருப்பு 165 – 175 கிராம் நிக்கும். அரைச்ச மாவை அதே ஆழாக்குல அளந்தா 105 – 110தான். கடை மாவை ஆழாக்குல அளந்து போட்டா உளுந்து மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும். தராசு இருந்தா இந்தக் குழப்பமே கிடையாது, அரைச்சாலும் எடை எடைதான். சலிக்கும்போது மேலே தங்குற ரவை மட்டும் கொஞ்சம் கழியும். நூறுக்கு நாலஞ்சு கிராம்னு வெச்சுக்கோங்க.

ரெண்டாவது வெண்ணெய். எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவுங்கிறது எல்லாம் கண் அளவு. உருண்டையில கண் பயங்கரமா ஏமாத்தும். 4.5 செ.மீ. குறுக்களவு உருண்டை 48 மி.லி. அரை செ.மீ. கூடி 5 ஆனா 65 மி.லி. பாக்க ரெண்டும் ஒரே எலுமிச்சைதான், ஆனா வெண்ணெய் மூணுல ஒரு பங்கு கூடிடுச்சு. நீங்க போட்ட 100 கிராம் நியாயமான மாற்றம்தான், மாவு ஒரு கிலோ சொச்சமா இருந்திருந்தா. பொதுவா மொத்த மாவுக்கு நூத்துக்கு 8லேருந்து 10 பங்கு வெண்ணெய். 5க்குக் கீழே போனா கடக்கு. 12ஐத் தாண்டினா எண்ணெயில போட்டதும் இழை பிரிஞ்சு நுரைச்சுக்கிட்டுப் போயிடும், எடுக்கவே முடியாது. உங்க சோதனையில 100ஐ 2,160ஆல வகுத்துப் பாருங்க, 4.6தான் வருது.

கடை வெண்ணெயில 80 பங்கு கொழுப்பு, மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வீட்டுல கடைஞ்சதுல தண்ணீர் இன்னும் அதிகம். வெண்ணெய்க்குப் பதிலா நெய்யோ காய்ச்சின எண்ணெயோ ஊத்தறதா இருந்தா 100 கிராமுக்கு 80 கிராம் போதும். ஸ்பூனால அளக்கிறவங்களுக்கு அது கிட்டத்தட்ட 88 மி.லி., ஏன்னா உருகின நெய்யும் எண்ணெயும் லிட்டருக்கு 910 – 920 கிராம்தான்.

மூணாவது உப்பு. தூள் உப்பு தலைதட்டி 1 டீஸ்பூன் 6 கிராம். கல்லுப்பை அதே ஸ்பூன்ல எடுத்தா குறைவாதான் வரும், எவ்வளவு குறைவுங்கிறது கல்லோட அளவைப் பொறுத்தது. ஸ்பூன் கணக்கை ஒரு உப்பிலேருந்து இன்னொண்ணுக்கு அப்படியே மாத்தாதீங்க. கிராம்ல எடுத்தா எந்த உப்பானாலும் ஒண்ணுதான், கல்லுப்பை மட்டும் தண்ணியில கரைச்சு வடிகட்டி ஊத்திடுங்க. கரையாத கல் அச்சுல அடைச்சா இழை அறுந்து வரும்.

இட்லிக்குண்டான்:

எதற்கு இவ்வளவு தலைவலி? எல்லாவற்றையும் ஒரே ஆழாக்கில் அளந்தால் கிராமே தேவையில்லை. இட்லிக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து. டம்ளரில் அளந்தாலும் படியில் அளந்தாலும் இட்லி ஒன்றுதான்.

துலாக்கோல்:

இட்லிக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்குக் காரணமும் இருக்கிறது. அரிசி, உளுந்து, துவரை, கடலை எல்லாமே 200 மி.லி.க்கு 160 முதல் 175 கிராமுக்குள் நிற்கும். தானியத்தைத் தட்டினாலும் பெரிதாக அமுங்காது. அதனால் ஆழாக்கில் 4க்கு 1 என்றாலும் தராசில் 4க்கு 1 என்றாலும் ஏறக்குறைய ஒன்றே. முழுத் தானியத்துக்கு மாற்றும் வேலையே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம்.

தானியத்திலும் ஓர் இடறல் உண்டு: தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா. அரிசி சுமார் 35 டிகிரி சாய்வில் குவியும். வாய் 6.5 செ.மீ. அகலமுள்ள ஒடுக்கமான ஆழாக்கில் தலைக்கு மேல் 25 மி.லி. நிற்கும். அதே கொள்ளளவில் வாய் 9 செ.மீ. உள்ள கிண்ணத்தில் குவித்தால் 65 மி.லி.க்கு மேல் நிற்கும். அரிசியைக் குவித்து, உளுந்தைத் தலைதட்டி அளந்தால் 4க்கு 1 என்பது 5க்கு 1 வரைகூடப் போகும். பிறகு உளுந்து பழசு என்று குறை சொல்வோம்.

மாவில் உங்கள் வழி செல்லாது. அது கைக்குக் கை அமுங்கும். ஆர்டருக்கு இரண்டு பேர் மாவு அளந்தால் இரண்டு முறுக்கு வரும்.

இன்னொரு பொருள், நனைந்த மாவு. தேன்குழல் அதிரசமும் போடுவதாக இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். "1 கிலோவுக்கு முக்கால் கிலோ வெல்லம்" என்ற கணக்கு, ஊறப்போடும் முன் இருக்கும் 1 கிலோ பச்சரிசிக்கு. ஊறி, வடிந்து, நிழலில் உலர்ந்து, ஈரத்தோடு அரைத்து வரும் மாவு 1.25 கிலோவுக்கு மேல் இருக்கும். கூடுதலாக இருப்பது தண்ணீர்தான். ஈர மாவில் 1 கிலோ எடுத்து முக்கால் கிலோ வெல்லம் போட்டால் அதில் அரிசி 800 கிராம்கூட இருக்காது. வெல்லம் மிஞ்சி, அதிரசம் எண்ணெயில் கரைந்து பிரியும். தராசு பொய் சொல்லாது, ஆனால் அது தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கும்.

வெல்லத்தை ஆழாக்கில் அளப்பது வீண். உடைத்த கட்டி, சீவியது, தூள் மூன்றும் மூன்று எடை.

பனங்காய்:

எங்கட பக்கத்தில் ஆழாக்கு இல்லை, கொத்தும் சுண்டும்தான். 4 சுண்டு 1 கொத்து. வீடுகளில் சுண்டுக்குப் பதிலாக டின்பால் வந்த பேணியைத்தான் பாவிப்பினம். அதிலும் இதே பிழை வாறது: பேணியில் 397 கிராம் எண்டு போட்டிருக்கும், உடனே 400 மி.லி. பிடிக்கும் எண்டு நினைப்பினம். டின்பால் தண்ணீரை விட 1.3 மடங்கு பாரம். 397ஐ 1.3ஆல் பிரியுங்கோ, பேணி பிடிக்கிறது 300 மி.லி. அளவுதான். பச்சையரிசி அதில் 250 கிராம் வரும்.

ஈர மா பற்றிச் சொன்னது எங்கட அவித்த கோதுமை மாவுக்கும் பொருந்தும். அவிக்கும்போது மா ஈரத்தை இழுக்கும், அரித்தால் (சலித்தால்) பொங்கும். ஆகவே குறிப்பில் "மா 2 பேணி" எண்டிருந்தால், அவிக்க முந்தியோ அரித்த பிறகோ எண்டு கேட்காமல் கிராமுக்கு மாற்ற ஏலாது.

வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து கேக் செய்யிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. அமெரிக்கக் கப் 237 மி.லி., அவுஸ்திரேலியக் கப் 250, ஜப்பான் கப் 200, ரைஸ் குக்கரோடு வாற கப் 180. மேசைக்கரண்டி மற்ற இடங்களில் 15 மி.லி., அவுஸ்திரேலியாவில் மட்டும் 20. பேக்கிங் பவுடரை அந்தக் குறிப்பில் மேசைக்கரண்டிக் கணக்கில் போட்டிருந்தால் இந்த 5 மி.லி. நல்லாத் தெரியும். அவுன்சிலும் இரண்டு இருக்கு: எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மி.லி. தண்ணீருக்கும் பாலுக்கும் ஒன்றுபோல நிக்கும். தேன் 8 திரவ அவுன்ஸ் எண்டால் 335 கிராம், எடை அவுன்ஸ் எண்டு எடுத்தால் 227 கிராம். மூண்டில் ஒரு பங்கு காணாமல் போயிடும்.

தேன்குழல்:

எல்லோருக்கும் நன்றி. பழைய பித்தளை ஆழாக்கை எடுத்து அளந்தேன். தண்ணீர் 192 கிராம். அரிசி மாவு மூன்று தடவை: 118, 121, 119. வறுத்த உளுத்தம்பருப்பு 163, அரைத்துச் சலித்தபின் 156.

இரண்டு கேள்வி. பெருங்காயத்தூள் 2 கிராம் எடுக்கப் பார்த்தால் தராசு பூஜ்யத்திலேயே நிற்கிறது, பிறகு திடீரென்று 4 காட்டுகிறது. தராசு கெட்டுவிட்டதா? எண்ணெயை நிறுக்கத் தராசில் உள்ள மி.லி. பொத்தானை அழுத்தலாமா?

துலாக்கோல்:

தராசு கெடவில்லை. ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசுகள், மெதுவாகச் சிறிது சிறிதாகத் தூவுவதைத் தன் பூஜ்யம் நகர்வதாக எடுத்துக்கொண்டு சரிசெய்துவிடும். 10 கிராமுக்குக் கீழே அதை நம்ப வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. பெருங்காய டப்பாவையே தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, அதிலிருந்து எடுங்கள். எடுத்த அளவு கழித்தல் குறியோடு தெரியும். அல்லது 10 டீஸ்பூன் சேர்த்து நிறுத்து 10ஆல் வகுத்து, ஒரு டீஸ்பூன் எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதிவிட்டு, பிறகு ஸ்பூனாலேயே போடுங்கள். பெருங்காயம், மஞ்சள்தூள், சோடா உப்பு போன்றவற்றில் நல்ல ஸ்பூன் மலிவான தராசைவிட மேல்.

தராசைச் சோதிக்க 10 ரூபாய் நாணயம் பத்து வையுங்கள். 77 கிராம் காட்ட வேண்டும். ஒரு கிராம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை.

மி.லி. பொத்தானைத் தொடாதீர்கள். அது தண்ணீருக்கோ பாலுக்கோ உள்ள கணக்கைத்தான் போடும். தண்ணீர்க் கணக்கில் எண்ணெயை வைத்து அது 1,000 மி.லி. என்று காட்டினால் உண்மையில் 1,090க்கு மேல் இருக்கும். எண்ணெய்க்குக் கிராமே போதும்.

பட்சணக்கடை:

உங்க எண்களை வெச்சு 5 கிலோவுக்குக் கணக்கு போட்டுட்டேன்.

அரிசி மாவு சராசரி 119.3, எட்டால பெருக்கினா 955 கிராம். உளுத்தமாவு 156. மொத்தம் 1,111. 5,000ஐ இதால வகுத்தா 4.5 மடங்கு. அப்போ:

அரிசி மாவு 4,300 கிராம்
உளுத்தமாவு 700 கிராம் (வறுத்த பருப்பா 735 கிராம் எடுத்து அரைங்க)
வெண்ணெய் 450 கிராம்
தூள் உப்பு 81 கிராம்
எள் 54 கிராம்
தண்ணீர் சுமார் 3.4 லிட்டர்

உப்பை முதல் தடவை 75ல நிறுத்திக்கோங்க. நோட்டுல 3 டீஸ்பூன்னு எழுதினவங்க எந்த ஸ்பூன்ல எடுத்தாங்கன்னு நமக்குத் தெரியாது, ஆழாக்கை அளந்த மாதிரி அந்த ஸ்பூனை அளக்கலையே. வறுத்துப் பாத்துட்டு அடுத்த தடவைக்கு ஏத்திக்கலாம்.

தண்ணியை மட்டும் எடைக்குக் கட்டுப்படுத்தாதீங்க. கழுவி உலர்த்தி மில்லுல அரைச்ச மாவுல ஈரம் இருக்கும், கடை பாக்கெட் மாவு காஞ்சு கிடக்கும். ஒரே 4,300 கிராமுக்கு 200 – 300 மி.லி. வித்தியாசம் சாதாரணமா வரும். அதுவும் 5 கிலோவையும் ஒரே மூச்சுல பிசையாதீங்க. பிசைஞ்சு வெச்ச மாவு நேரம் போகப்போக முறுக்கைச் சிவக்க வெச்சிடும். உலர்ந்த மாவு ரெண்டையும் உப்பு, எள், பெருங்காயத்தோட மொத்தமாக் கலந்து, 5 பங்காப் பிரிச்சுடுங்க. ஒரு பங்கு 1,030 கிராம் வரும். ஒவ்வொரு பங்குக்கும் வெண்ணெய் 90 கிராம் போட்டு விரலால பிசிறி, 600 மி.லி. தண்ணி ஊத்திட்டு மிச்சத்தைத் தெளிச்சுப் பாத்துக்கோங்க. பிழியும்போது இழை அறுந்தா ரெண்டு ஸ்பூன் தண்ணி குறைவு. எண்ணெய் ரொம்பக் குடிச்சா தண்ணி கூடிடுச்சு.

கடைசியா எண்ணெய் வாங்கும்போது டின்னைப் பாத்து வாங்குங்க. 15 கிலோ டின்னும் 15 லிட்டர் டின்னும் பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி இருக்கும். 15 லிட்டர்னா 13.65 கிலோதான். 15 கிலோன்னா 16.5 லிட்டர் கிட்ட. விலையை ஒப்பிடுறதுக்கு முன்னாடி லேபிள்ல ரெண்டு அளவுல எது பெருசா எழுதியிருக்குன்னு பாத்துட்டு, ரெண்டையும் கிலோவுக்குக் கொண்டுவந்து வகுத்துப் பாருங்க.